கம்பி எந்தத் தெருவில் முடிகிறது?



அண்ணல் நினைவு நாளில் இணைய இணைப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்களில் ஒருவர், "தலைப்பு கொஞ்சம் கம்ப்யூட்டர் சென்டர் விளம்பரம் மாதிரி இருக்கே தோழர்" என்றார். இருக்கட்டும். டயல்-அப், ரேடியோ அலை, கைப்பேசி, கண்ணாடி இழைக் கேபிள் என்று இணையத்தோடு சேர்வதற்குப் பல வழிகள் இருக்கின்றன. எது வேகம், எது மலிவு என்ற கேள்வியோடுதான் இவற்றை வழக்கமாக ஒப்பிடுவார்கள். நான் கேட்க நினைப்பது வேறு. ஒவ்வொரு வழியும் கடைசியில் யார் தெருவில், யார் திண்ணையில், யார் கையில் போய் முடிகிறது?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது மகத். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் நடந்ததை நாம் குறைவாகவே பேசுகிறோம். பொதுப்பணத்தில் நடக்கும் நீர்நிலைகள் எல்லோருக்கும் பொது என்று பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டுவிட்டது. குளம் எல்லோருக்கும் திறந்தது என்று மகத் நகராட்சியும் 1924-ல் தீர்மானம் போட்டது. ஆக, தாளில் குளம் திறந்தே இருந்தது. அந்தத் தாளுக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று ஆண்டுகள் கிடந்தன. நம் ஊராட்சி இணைய வசதி பெற்றுவிட்டது என்று ஒரு பட்டியலில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று ஆண்டுகள்தான் நினைவுக்கு வரும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். வி.எஸ்.என்.எல். கொடுத்தது. வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் மோடத்தைச் செருகி, எண்ணைச் சுழற்றி, கீச்சென்று ஒரு சத்தம் கேட்டுச் சேர வேண்டும். இணையத்தில் இருக்கும்வரை அந்தப் போனில் பேச முடியாது. முதலில் தொலைபேசி வேண்டும், பிறகு கணினி, பிறகு வருடச் சந்தா. மூன்றும் இருந்த வீடுகள் எந்தத் தெருக்களில் இருந்தன என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. நம் ஆட்களுக்குப் போன் வந்தால் ஊருக்குள் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கோ மளிகைக்கடைக்கோ வரும். "உன் மவன் பேசுறானாம், வரச் சொன்னான்" என்று ஆள் வந்து சொல்ல வேண்டும். போய் வெளியே நின்று பேச வேண்டும். அந்தக் காலத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அதில் நமக்கு இடமே இல்லை.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் நடுமையம். தொலைபேசிக் கம்பி சரிவராத கிராமங்களுக்கு வி.எச்.எஃப். ரேடியோ வழியாகத் தகவல் போனது. மின்சாரம் நம்ப முடியாததால் சோலார் தகடு. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் வந்த அலை உயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். கணினியைத் தொடாதவருக்கும் இணையம் காது வழியே போய்ச் சேர்ந்தது. நல்ல யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதே திட்டத்தில் எம்பலம் என்ற கிராமம். அங்கே மையம் வைக்கப்பட்ட இடம் கோயில் கட்டடம். 2000-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அதைப் பற்றி எழுதியது. கோயிலுக்கு இரண்டு வாசல். ஒன்று சன்னிதிக்கு, நம் மக்களும் மாதவிலக்கான பெண்களும் அதற்குள் போக முடியாது. இன்னொன்று கணினி அறைக்கு, யாரும் போகலாம். பத்திரிகை அதை நம்பிக்கையோடுதான் எழுதியிருந்தது. திட்டத்தை நடத்தியவர்களைக் குறைசொல்ல மாட்டேன். மையம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை வைத்தார்கள். இரண்டாம் வாசல் உண்மையாகவே திறந்திருந்தது. ஆனால் அந்த வாசலுக்குப் போகிற ஒரு பெண்ணாக உங்களை நினைத்துப் பாருங்கள். முதல் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்? தன்னை உள்ளே விடாத கட்டடத்தின் பக்கவாட்டுக் கதவில் நுழைந்து, விதை விலையும் அரசாங்கத் திட்டமும் கேட்டுத் தெரிந்துகொள்ள எத்தனை பேருக்குக் கால் வரும்?

அலைக்குத் தீட்டு கிடையாது. அது ஊரையும் தாண்டும், சேரியையும் தாண்டும். ஆனால் அலை வந்து இறங்க ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். தொழில்நுட்பம் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள்.

இதை எனக்கு உறுதியாகக் காட்டியது மேலூர். மதுரை மாவட்டத்து மேலூர் என்றதும் இந்த அரங்கில் எல்லோர் மனதிலும் எழும் பெயர் மேலவளவு. தனி ஊராட்சியாக அறிவிக்கப்பட்ட மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாற்காலியில் உட்காரத் துணிந்ததற்காக. இது நடந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2001-ல், அதே மேலூர் வட்டாரத்துக் கிராமங்களுக்கு இணையம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் ஹார்வர்டு, எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய 'சாரி' என்ற திட்டம். கம்பி இல்லை. ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறை. ஓரிடத்தில் கோபுரம், அதிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் எந்தக் கிராமமானாலும் கூரைமேல் ஒரு ஆண்டெனாவை நட்டு இணைப்பு வாங்கலாம். நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகம். இன்றைக்கு ஒரு போட்டோகூட இறங்காது. அன்றைக்கு அது பெரிய விஷயம். அந்த மையங்களில் மின்னஞ்சல் அனுப்பலாம், தாலுகா அலுவலகத்துக்குச் சான்றிதழ் விண்ணப்பம் போடலாம், கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

கிராம மையத்தைப் பெரும்பாலும் உள்ளூர்க்காரர் ஒருவர் சொந்த முதல் போட்டோ கடன் வாங்கியோ நடத்த வேண்டும். கடன் வாங்கும் தகுதி, சாலையோரம் ஓர் அறை, அறையில் மின்சாரம் மூன்றும் வேண்டும். இந்தச் சல்லடையில் சலித்தால் யார் மிஞ்சுவார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மையங்களுக்கு யார் வந்தார்கள் என்று ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய கட்டுரை. ஓராண்டுக்கு மேல் நடந்த பிறகும் கிராம வீடுகளில் சிறு பகுதியினரே மையத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள், சமூகத்தில் மேலே இருக்கும் சாதியினர். இருக்கிற ஏற்றத்தாழ்வை இந்த மையங்கள் அப்படியே காப்பாற்றிவிடக்கூடும் என்று அவர்களே எழுதினார்கள்.

இதோடு நின்றிருந்தால் நமக்குப் புதிய செய்தி ஒன்றுமில்லை. கட்டுரையில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. எந்த மையங்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்தனவோ, எங்கே அந்த மக்களிலிருந்தே ஒருவர் முன்னால் நின்று மற்றவர்களை அழைத்து வந்தாரோ, அங்கே அந்த மக்களிடமிருந்து அதிகம் பேர் வந்திருக்கிறார்கள். ஒரே கோபுரம், ஒரே ஆண்டெனா, ஒரே வேகம். மாறியது இடமும் ஆளும். நம் மக்களுக்கு ஆர்வமில்லை, விழிப்புணர்வு போதவில்லை என்று அதிகாரிகள் சொல்லும்போது இந்த ஒரு விஷயத்தை எடுத்து வையுங்கள். ஊர் நடுவில் வைத்துவிட்டு, சேரிக்காரன் வரவில்லையே என்று ஆச்சரியப்படுவது ஒரு பழைய நாடகம்.

பிறகு பிரவுசிங் சென்டர் காலம். நகரத்தில் படித்த நம் பிள்ளைகள் மணிக்கு இருபது, முப்பது ரூபாய் கொடுத்து அங்கே தேர்வு முடிவு பார்த்தார்கள், வேலைக்கு விண்ணப்பித்தார்கள், கொஞ்சம் காதலும் செய்தார்கள். அந்தத் தடுப்புப் பலகைக்குள் உட்காரும்போது யாரும் சாதி கேட்கவில்லை. அது சிறிய விஷயமில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. முதல் சில மாதம் இலவசம், அதன்பிறகும் மலிவு. மற்ற நிறுவனங்களும் விலையை இறக்க வேண்டியதாயிற்று. முகேஷ் அம்பானி சமூக நீதிக்காக அதைச் செய்யவில்லை. ஆனாலும் கைப்பேசி இணையத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரலாற்றில் முதல்முறையாக இணைப்பு யாருடைய திண்ணையையும் தொடாமல் நம் கைக்கு நேராக வந்தது. கூப்பிட ஆள் வரவேண்டாம், வெளியே நிற்க வேண்டாம், பக்கவாட்டு வாசல் தேட வேண்டாம். 1893-ல் 'பறையன்' இதழை இரட்டைமலை சீனிவாசன் நடத்தியபோதும், 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை அயோத்திதாசர் நடத்தியபோதும், 1920-ல் 'மூக்நாயக்' இதழை அண்ணல் தொடங்கியபோதும், அச்சுக்கூடத்துக்கும் தபாலுக்கும் காசு திரட்டுவதே பெரும் பாடாக இருந்தது. 2011-ல் ரவிச்சந்திரன் 'தலித் கேமரா'வைத் தொடங்க ஒரு கேமராவும் யூடியூப் கணக்கும் போதுமானதாக இருந்தன. அதன்பின் ஐந்தே ஆண்டில் அந்தக் கேமரா ஒவ்வொருவர் சட்டைப்பைக்கும் வந்துவிட்டது.

2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள், தாங்களே அதைப் படம்பிடித்துப் பரப்பினார்கள். மிரட்டுவதற்காகப் பரப்பினார்கள். அந்தப் படத்தையே நாடு முழுவதும் நம் மக்கள் சாட்சியமாக மாற்றினார்கள். செத்த மாடுகளை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். 2018 ஏப்ரல் 2 அன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நீர்த்துப்போகச் செய்ததை எதிர்த்து நடந்த பாரத் பந்த்துக்குப் பெரிய கட்சி எதுவும் தலைமை தாங்கவில்லை. அது பெருமளவு கைப்பேசிகளில்தான் பரவியது.

ஆனால் அந்தப் பந்த்தை ஒட்டி என்ன நடந்தது? பஞ்சாபில் கைப்பேசி இணையத்தை நிறுத்தினார்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானின் பல பகுதிகளிலும் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம், சகாரன்பூரில் நம் வீடுகள் எரிக்கப்பட்ட பிறகும் இணையத்தை நிறுத்தினார்கள்.

இந்த இடத்தில்தான் இணைப்பின் வழிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் அரசியலாகிறது. பெரும்பாலான தடை உத்தரவுகள் நிறுத்துவது கைப்பேசி இணையத்தை. கம்பி வழி பிராட்பேண்ட் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கும். வங்கி நிற்கக்கூடாது, மருத்துவமனை நிற்கக்கூடாது, கம்பெனி நிற்கக்கூடாது. அவையெல்லாம் கம்பியில் இருக்கின்றன. ராஜஸ்தானில் போட்டித் தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்க என்றுகூடக் கைப்பேசி இணையத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கம்பி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அன்றைக்கும் வைஃபை வேலை செய்யும். இரண்டு வழியும் இருக்கிறவருக்குத் தடை ஓர் அசௌகரியம். கைப்பேசி மட்டுமே வழியாக இருக்கிறவருக்கு அது வாய்ப்பூட்டு. தீ வைக்கப்பட்ட தெருவிலிருந்து படம் வெளியே போகாது. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று திருப்பூரில் வேலை செய்யும் மகனுக்குத் தெரியாது. மறுநாள் காவல்துறை சொல்வது மட்டுமே செய்தியாகும்.

தமிழ்நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். 2017-ல் ஒன்றிய அரசு இதற்கென்றே விதிகளை எழுதி வைத்திருந்தது. அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், கால வரையறை இல்லாமல் இணையத்தை நிறுத்தக்கூடாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றது. சட்ட மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இணையம் வழியே கருத்தைச் சொல்வதும் தொழில் செய்வதும் அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவின் பாதுகாப்புக்குள் வரும் என்றுதான் தீர்ப்பு சொல்கிறது. இணைப்புப் பெறுவதே அடிப்படை உரிமையா என்பதற்குள் அது போகவில்லை. அதற்கு நான்கு மாதம் முன்பு கேரள உயர் நீதிமன்றம் இன்னும் ஓரடி எடுத்து வைத்திருந்தது. விடுதியில் மாலை நேரம் கைப்பேசி கூடாது என்ற விதியை மறுத்ததற்காக வெளியேற்றப்பட்ட ஃபஹீமா ஷிரின் என்ற மாணவியின் வழக்கு. இணையம் பெறும் உரிமை, கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று நீதிபதி ஆஷா எழுதினார். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் தங்கைகள் இந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது.

கைப்பேசி மட்டுமே வழியாக இருப்பதன் இன்னொரு விலையை 2020 காட்டியது. பள்ளி மூடியது, விடுதி மூடியது, பாடம் திரைக்குள் போனது. அதற்குச் சற்று முன்பு, 2017-18-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில். இணைய வசதி இருந்தது 14.9 விழுக்காட்டில். இது எல்லாச் சாதியையும் சேர்த்த கணக்கு. கேரளம் மலப்புறம் மாவட்டத்தில், இணைய வகுப்பு தொடங்கிய முதல் நாளே ஒன்பதாம் வகுப்புத் தலித் மாணவி ஒருத்தி இறந்துபோனாள். வீட்டில் டி.வி. பழுது, ஸ்மார்ட் போன் இல்லை. எழுத்தறிவில் முதலிடம் என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்தில்.

ஒரு வீட்டுக்கு ஒரு போன். அது அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய்விடும். இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும். அக்கா, தம்பி, தங்கை மூன்று பேருக்கும் மிச்சமிருக்கும் ஒன்றரை ஜி.பி.யைப் பங்கு போட வேண்டும். 28 நாள் முடிந்தால் ரீசார்ஜ். 2024 ஜூலையில் எல்லாத் தனியார் நிறுவனங்களும் கட்டணத்தைக் கூட்டிவிட்டன. நூறுநாள் வேலைக் கூலி எப்போது வரும் என்று ரீசார்ஜுக்குத் தெரியாது. கம்பி இணைப்பில் ஒரு வீட்டில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம், அளவு பார்க்க வேண்டியதில்லை. ஒரு ஜி.பி.க்கு என்ன விலை என்று கணக்குப் போட்டால், ஏழையின் இணையம்தான் விலை கூடியது.

அப்படியானால் கம்பி ஏன் நம் தெருவுக்கு வரவில்லை? போன ஆண்டு எங்கள் பக்கத்துக் காலனியில் படிப்பு வட்டம் நடத்தும் பிள்ளைகளுக்காக ஓர் இணைப்புக் கேட்டு ஒரு தனியார் நிறுவனத்தின் ஆளிடம் பேசினேன். நல்ல பையன். ஊர்ப்பெயரைச் சொன்னதும், "தாராளமா தரலாம்ண்ணே" என்றான். தெருவைச் சொன்னதும், "அங்க பாக்ஸ் இல்லண்ணே" என்றான். பாக்ஸ் எங்கே இருக்கிறது? மாரியம்மன் கோயிலடிக் கம்பத்தில். அங்கிருந்து காலனிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. "ஒரு பத்து கனெக்‌ஷன் சேர்த்துக் குடுங்க, கேட்டுப் பார்க்கலாம்." ஊருக்குள் முதல் பாக்ஸ் மாட்டும்போது பத்துப் பேரைச் சேர்த்துக் கொடுக்கும்படி யாரிடம் கேட்டார்கள் என்று கேட்டேன். சிரித்தான். அவனிடம் கோபித்து என்ன பயன்?

தொழில்நுட்பம் இங்கே ஒரு காரணமே இல்லை. கண்ணாடி இழையில் ஒளி 20 கிலோமீட்டர் வரை நடுவில் மின்சாரமே இல்லாமல் போகும். ஓர் இழையை 32 வீட்டுக்குப் பிரிக்க ஒரு சின்னப் பிரிப்பான் போதும். 20 கிலோமீட்டர் போகிற ஒளி கடைசி ஒரு கிலோமீட்டரில் ஊர் எல்லையில் நிற்பது இயற்பியல் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாலையோரம் அந்தக் கேபிளுக்குப் பள்ளம் வெட்டுகிறவர்களை நின்று பாருங்கள், பேசிப் பாருங்கள். எந்தத் தெருவிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அரசாங்கத்தின் கம்பியும் இருக்கிறது. 2011-ல் ஒப்புதல் பெற்று 2015-ல் பாரத்நெட் என்று பெயர் மாற்றப்பட்ட திட்டம், ஒவ்வொரு ஊராட்சிக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்காக டான்ஃபிநெட் என்ற நிறுவனத்தை மாநில அரசு அமைத்தது. இந்தத் திட்டத்தில் இணைப்பு முடியும் இடம் ஊராட்சி அலுவலகமோ அதை ஒட்டிய அரசுக் கட்டடமோதான். அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது? பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித் தலைவர் அந்தக் கட்டடத்துக்குள் போய்விடக்கூடாது என்று 1996 முதல் பத்தாண்டு தேர்தலே நடக்கவிடாமல் செய்தார்கள். இன்றும் நம் தலைவர்கள் சிலருக்கு அங்கே நாற்காலி கிடைப்பதில்லை. நாற்காலி கிடைக்காத அறையில் வைஃபை கிடைக்கும் என்று எப்படி நம்புவது? ஆவணத்தில் அந்த ஊராட்சி இணைக்கப்பட்டது. சவுதார் குளமும் ஆவணத்தில் திறந்தேதான் இருந்தது.

கேரளம் 2023 ஜூனில் கே-ஃபோன் என்று அரசுக் கேபிள் வலையைத் தொடங்கியது. இணையம் மக்களின் உரிமை என்று அறிவித்து, 20 லட்சம் ஏழை வீடுகளுக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்னது. சொன்ன வேகத்தில் நடக்கவில்லை. ஆனால் இலக்கு கட்டடமாக இல்லாமல் வீடாக இருக்கிறது, அது சரியான இலக்கு. செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டுக்கு இணையம் வரப்போகிறது, இனி ஊர், சேரி பேதமே இல்லை என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். வானத்துக்குச் சாதி இல்லைதான். கூரைமேல் வைக்கும் தட்டுக்கு விலை இருக்கிறது. சில வீடுகளில் இன்னும் அதைத் தாங்கும் கூரை இல்லை.

நாம் கேட்க வேண்டியது பெரிதில்லை. ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழையை ஆதிதிராவிடர் குடியிருப்பில் இருக்கும் நூலகத்துக்கோ சமுதாயக் கூடத்துக்கோ பள்ளிக்கோ நீட்டுங்கள். அதை நடத்தும் பொறுப்பை அந்தத் தெருவில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் ஒரு பிள்ளைக்கு, முடிந்தால் ஒரு பெண்ணுக்கு, சம்பளத்தோடு கொடுங்கள். இடமும் ஆளும். மேலூர் கட்டுரை சொன்ன அதே இரண்டுதான். நல விடுதிகளுக்கும் இதே கோரிக்கை.

இதைக் கேட்கச் சட்டப்படி ஓர் இடம் இருக்கிறது. கிராமசபை. அங்கே முதலில் கேள்வியாகக் கேளுங்கள்: நம் ஊராட்சிக்கு இழை வந்துவிட்டதா? பெட்டி எந்த அறையில் இருக்கிறது? விளக்கு எரிகிறதா? சாவி யாரிடம்? பதிலைப் பதிவேட்டில் எழுத வையுங்கள். பிறகு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மாணவர்கள் தீர்மான வாசகத்தின் மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறார்கள். வாசலில் புத்தகக் கடை மேசையில் இருக்கிறது, ஊராட்சிப் பெயரை மட்டும் நிரப்பினால் போதும். அடுத்த கிராமசபை ஜனவரி 26. இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.